சிம்பல் துறவு

வாம்மா, உள்ள வா. செருப்பை அங்கேயே விடு. ரொம்ப நேரமா வாசல்ல நின்னியா? என்ன பண்றது, காலிங் பெல் வேலை செய்றதில்லை. எலக்ட்ரீஷியன் ரெண்டு தடவை வந்தான். ரெண்டு தடவையும் அமுக்கிப் பார்த்துட்டு, "நல்லாத்தானே சார் அடிக்குது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். தொழில் தெரிஞ்சவன் இப்ப எவன் இருக்கான்? நல்லவேளை, ரெஜினா வந்து தோளைத் தட்டினா. ரெஜினா என் சம்சாரம். அதோ நிக்கிறாளே, அவதான். என்னைக்கும் இல்லாம இன்னைக்கு எதுக்குச் சிரிக்கிறான்னு தெரியலை. போ ரெஜினா, காபி போடு.

யாரு அனுப்பினது? கொஞ்சம் வாயைத் திறந்து பேசும்மா. உன் வயசுப் பிள்ளைங்க எல்லாருமே உள்ளுக்குள்ளேயே பேசிக்கிறீங்க. ஆங்... சற்குணமா! அப்படிச் சொல்லு.

அப்படின்னா நீ வந்த விஷயம் எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேக்கணும், நேர்ல வர வெக்கம், அதனால உன்னைத் தூது அனுப்பியிருக்கான். அவன் அக்கா மகளா நீ? இல்லையா? சரி, யாரா இருந்தா என்ன. பையைத் திறக்காதே, இரு. அவன் கொடுத்தனுப்பினதை அப்புறம் வாங்கிக்கிறேன். அவன் சொன்னதை மட்டும் கேட்டுட்டு வந்திருப்பே. நான் சொல்றதையும் கேட்டுட்டு, யார் பேர்ல தப்புன்னு நீயே சொல்லு.

முதல்ல நான் யாருன்னு தெரிஞ்சுக்கோ. அருளப்பன். ரயில்வேல சக்கரம் தட்டுற வேலை. சிரிக்காதே, அப்படி ஒரு வேலை இருந்துச்சு. வண்டி வந்து நின்னதும் நீளமான சுத்தியலால ஒவ்வொரு சக்கரமாத் தட்டிக்கிட்டே போகணும். நல்ல சக்கரம்னா மணி மாதிரி பதில் சொல்லும். உள்ள விரிசல் இருந்தா ஓட்டைப் பானையைத் தட்டின மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல், காதுக்குத் தெரியும். பேசின் பிரிட்ஜ் யார்டுல என் காதுக்கு அவ்வளவு மரியாதை. நாள் பூரா இரும்புச் சத்தத்துக்கு நடுவுலேயே இருந்து தீட்டி வச்ச காது இது.

அங்கதான் ஃபோர்மன் பெரேரா. ஆங்கிலோ இந்தியர். சனிக்கிழமையானா ரயில்வே இன்ஸ்டிட்யூட்ல டான்ஸ், பேண்டு. நான் ஜன்னலுக்கு வெளியே நின்னு கேப்பேன். ஒரு நாள் மனுஷன் என்னைக் காதைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டுப் போய், டிரம் பக்கத்துல உக்கார வச்சார். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது ஒரு பெட்டி ரெக்கார்டை என்கிட்ட விட்டுட்டுப் போனார். எல்லாம் ஜாஸ். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அட்டையைப் பார்த்துத்தான் பேர் வச்சிருக்கேன். கண்ணாடிக்காரர், ஊதா அட்டை, சிகரெட்டுப் புகை. காலி நாற்காலின்னு ஒண்ணு. மஞ்சள் அட்டை, நடுவுல ஆளில்லாத நாற்காலி. நாலு பேர் வாசிச்சது. அதுதான் எனக்கு உசிரு.

சற்குணம் டிக்கெட் பரிசோதகர். ரிட்டயர் ஆகியும் அந்தக் குணம் போகலை. எதைச் சொன்னாலும் அத்தாட்சி கேப்பான். நாப்பது வருஷப் பழக்கம். தினம் சாயங்காலம் சைக்கிள்ல வருவான், ஒரு ரெக்கார்டுல ஒரு பக்கம் கேப்போம், அதைப் பத்திச் சண்டை போடுவோம், போயிடுவான். அவ்வளவுதான் எங்க சிநேகம்.

இந்த லட்சணத்துல இருந்தப்பதான் பேராசிரியர் மெய்யப்பன் எங்களைக் கண்டுபிடிச்சார். பழைய ரெக்கார்டு தேடி மூர் மார்க்கெட் பக்கம் வந்தவர், சற்குணத்தோட பேச்சுக் கொடுத்து, நேரா இங்க வந்துட்டார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையில உக்காந்துட்டார். அப்புறம்தான் வட்டம். ஜாஸ் ரசிகர் வட்டம். ஞாயித்துக்கிழமை யார் வீட்டுலயாவது கூடுவோம். மத்த நாள்ல வாட்ஸ்அப். காலையில எழுந்ததும் அவங்கவங்க என்ன ரெக்கார்டு கேக்குறாங்களோ அதோட அட்டையைப் படம் பிடிச்சுப் போட்டு ரெண்டு வரி எழுதணும். ஒரு தடவை போட்டதைத் திரும்பப் போடக் கூடாது. அதுதான் சட்டம்.

பேராசிரியர் எழுதுறதைப் படிச்சா உனக்கு அழுகையே வந்துடும். ரெஜினாதான் எனக்கு வாசிச்சுக் காட்டுவா. "காலை ஆறரை. வெளியில் மழை இல்லை. இந்த சாக்ஸபோனில் இருக்கிறது." இப்படி. ஆடிட்டர் சந்தானகோபாலன்னு ஒருத்தர். அவர் போடுற படத்துல எல்லாம் ரெக்கார்டு கம்பெனி சுத்தின பிளாஸ்டிக் பேப்பர் பளபளன்னு அப்படியே இருக்கும். கீழே, "என்ன ஒரு ஆழம்!"னு எழுதியிருப்பார். சற்குணம் கேட்டான், "சார், இன்னும் பிரிக்கவே இல்லையே?" அவர், "பிரிச்சா மதிப்பு போயிடும் சார். எனக்கு அட்டையைத் தொட்டாலே உள்ள இருக்கிறது தெரிஞ்சுடும்"னார். அது ஒரு ஞானம்தானே? எல்லாருக்கும் வருமா?

அப்புறம் விசாலி. வீடு பிளான் போடுற பொண்ணு. அவ பனி பெய்ற நாட்டு ஜாஸ் மட்டும்தான் கேப்பா. அட்டையில மூடுபனி, ஒரு மரம், வேற ஒண்ணும் இருக்காது. "ஏம்மா, வாசிச்சவங்க மூஞ்சியைப் போட மாட்டாங்களா?"ன்னேன். "அவங்க அவ்வளவு அடக்கம் அங்கிள்"னா.

சற்குணம் என்ன பண்ணினான் தெரியுமா? திங்கக்கிழமை ஒரு ரெக்கார்டு போட்டான். செவ்வாயும் அதையே போட்டான். வாரம் பூரா அதையே போட்டான். பேராசிரியர் கேட்டார், "என்ன சற்குணம், விதி மறந்துடுச்சா?" இவன், "இன்னும் கேட்டு முடியலை சார். இப்பத்தான் பழகுது." "இது பகிர்ந்துக்கிற இடம் சற்குணம், குடித்தனம் பண்ற இடம் இல்லை"ன்னுட்டார். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

எனக்கு அங்க தனி மரியாதை. யார் புதுசா வந்தாலும் பேராசிரியர் என்னைத்தான் முதல்ல காட்டுவார். "இவர் படிக்காதவர்!" அதைச் சொல்லும்போது அவர் முகத்துல அவ்வளவு சந்தோஷம். என் பேரைச் சொல்றதுக்கு முன்னாலேயே அதைச் சொல்லிடுவார். "சக்கரத்தைத் தட்டி விரிசலைக் கேட்ட காது!" உடனே வந்தவங்க என் காதைப் பார்ப்பாங்க. சில பேர் போட்டோ எடுத்துப்பாங்க. ஃபோர்மன் பெரேராவே என் காதை அவ்வளவு மதிச்சதில்லை.

காபி எடுத்துக்கோ. ரெஜினா, சோறு வைக்கலியா? இவ குக்கர்ல விசிலே வர்றதில்லைம்மா. மாத்துன்னா மாத்த மாட்டேங்கிறா. நம்ம தெருவுல குருவியும் இல்லாமப் போச்சு, செல்போன் டவரால. கொசு வேற புதுசா ஒரு ரகம் வந்திருக்கு. சத்தம் போடாமலே கடிக்குது. சரி, கதைக்கு வர்றேன்.

போன தை மாசம். ஆடிட்டர், காலி நாற்காலியோட புது அச்சு ஒண்ணு ஜப்பான்லேர்ந்து வரவழைச்சார். எனக்காகப் பிளாஸ்டிக்கைப் பிரிச்சார்னா பார்த்துக்கோ. அவர் வீட்டுல எல்லாரும் கூடிட்டோம். ஊசி வச்சாங்க. பியானோ வந்துச்சு. பேஸ் வந்துச்சு, ஆள் உசரத்துக்கு நிக்குமே அந்தத் தந்தி வாத்தியம், அப்படியே நெஞ்சுல இறங்குது. டிரம் வந்துச்சு. எனக்கு எங்கேயோ இடறுது. மறுபடி போடச் சொன்னேன். டிரம் செட்டுல மேலே பித்தளைத் தட்டு நட்டு வச்சிருப்பான் பாரு, சிம்பல், ச்சிங் ச்சிச்சிங்குனு பாட்டு பூரா ஓடிக்கிட்டே இருக்குமே, அதைக் காணோம்! சுத்தமாத் துடைச்சு எடுத்துட்டான்.

"சிம்பல் இல்லை"ன்னேன்.

பேராசிரியர் ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் விசாலியைப் பார்த்தார். மறுபடி ஊசி வச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சுப் பேராசிரியர் மெதுவாத் தலையை ஆட்டினார். "ஆமா. இப்ப நீங்க சொன்னப்புறம்தான் கேக்குது. அது இல்லாதது எவ்வளவு தெளிவாக் கேக்குது!" ஆடிட்டர், "எனக்குப் பிரிக்கும்போதே சந்தேகம்"னார். விசாலி கண்ணுல தண்ணி.

சற்குணம் மட்டும் தலையைச் சொறிஞ்சான். "எனக்குக் கேக்குதேண்ணே?"

"உனக்கு ஞாபகத்துல இருக்கிறது கேக்குதுடா"ன்னேன்.

அன்னையிலேர்ந்து எனக்கு ஒவ்வொண்ணாத் தெரிய ஆரம்பிச்சுது. புதுசா அச்சடிக்கிறதுல எதுலயும் சிம்பல் இல்லை. போகப் போக, பெரேரா கொடுத்த பழைய ரெக்கார்டுலயும் தேஞ்சு போச்சு. இதுல ஏதோ பெரிய சதி இருக்கும்மா. நான் ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல, வட்டத்துல எல்லாருக்கும் கேக்க ஆரம்பிச்சுடுச்சு, அதாவது கேக்காமப் போக ஆரம்பிச்சுடுச்சு. காலையில எழுந்தா, "இன்று இதில் சிம்பல் இல்லாததைக் கேட்கிறேன்"னு போட்டோ போடுவாங்க. விசாலி டிரம்மே இல்லாத பனிநாட்டு ரெக்கார்டு ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, "அருளப்பன் அங்கிளுக்குச் சமர்ப்பணம்"னா. பேராசிரியர் இதுக்கு ஒரு பேரே வச்சுட்டார். சிம்பல் துறவு. பளபளப்பைத் துறந்த இசையாம். "இது ஒரு காலத்தோட குரல்"னார். எனக்குப் புரியலை. ஆனா நான் கண்டுபிடிச்சதுதானேன்னு இருந்துச்சு.

இப்பத்தான் கவனமாக் கேக்கணும் நீ.

ஆடிட்டருக்கு அறுபது முடிஞ்சுது. வீட்டுலேயே விசேஷம். காலேஜ் பசங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்து ஹால்ல வாசிக்க வச்சார். பியானோ, பேஸ், டிரம். டிரம் வாசிச்சவன் பேரு ஜெபராஜ். தாடிக்காரன். என்னை முன் வரிசையில உக்கார வச்சாங்க, அவனுக்கு நேர் எதிரே. கையை நீட்டினா தொடலாம். பியானோ கேக்குது, பேஸ் கேக்குது, கீழே இருக்கிற பெரிய டிரம் வயித்தை இடிக்குது. இவன் வலது கையால சிம்பலை அடிச்சுக்கிட்டே இருக்கான். குச்சி போகுது, தட்டு ஆடுது, ஏதோ துணியால தட்டின மாதிரி ஒரு பொத்து பொத்து. அவ்வளவுதான். அடப்பாவி, நடிக்கிறான்னு புரிஞ்சு போச்சு.

பாட்டு முடிஞ்சதும் கேட்டேன். "ஏன் தம்பி, சிம்பலை அடிக்க மாட்டேங்கிறே?"

பையன் முழிச்சான். "அடிச்சுக்கிட்டுத்தானே சார் இருக்கேன்."

"எங்க, அடி பாப்போம்."

ஓங்கி ஒண்ணு போட்டான். ஆடிட்டர் சம்சாரம் சமையல்கட்டுலேர்ந்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஓடி வந்தாங்க. அவங்களுக்கு அடிக்கடி தலைவலி வரும், பாவம். விசாலி கையில இருந்த பாயசம் புடவையில கொட்டிடுச்சு. அவ எப்பவும் உணர்ச்சிவசப்படுறவ. பேராசிரியர் கண்ணை மூடிக்கிட்டார். எல்லாரும் அவரையே பார்த்துக்கிட்டு இருந்தோம். கண்ணைத் திறந்து சொன்னார், "அருளப்பன் சொல்றது நூத்துக்கு நூறு. தட்டு அதிருது. சிம்பல் இல்லை."

"இல்லவே இல்லை"ன்னார் ஆடிட்டர். அவர் கை இன்னும் காது மேலேயே இருந்துச்சு. யோசனை பண்ணும்போது அப்படி வச்சுப்பார்.

"என்ன ஒரு மௌனம் அங்கிள்"னா விசாலி, பாயசத்தைத் துடைச்சுக்கிட்டே.

ஜெபராஜுக்கு அழுகை வர்ற மாதிரி ஆயிடுச்சு. "இதுக்கு மேல ஓங்கினா உடைஞ்சுடும் சார். வாடகைக்கு எடுத்தது."

அப்பத்தான் சற்குணம் எழுந்தான். உக்காந்திருந்த பிளாஸ்டிக் சேர் பின்னால சாய்ஞ்சு விழுந்துச்சு. "என்ன சார் பேசுறீங்க எல்லாரும்? கீழ் வீட்டு நாய் குலைக்குது, உங்களுக்குக் கேக்கலையா? படிச்சவங்கதானே நீங்க?" அப்படியே என் பக்கம் திரும்பினான். குரலைத் தணிச்சுக்கிட்டான். அத்தனை பேர் முன்னால சொல்றான்மா: "அண்ணே, சிம்பல் இருக்கு. எல்லா ரெக்கார்டுலயும் இருக்கு. உங்களுக்குத்தான் கேக்கலை. வாங்கண்ணே, டாக்டரைப் பார்ப்போம். நானே கூட்டிட்டுப் போறேன்."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? சொல்லு. விரிசலைக் கேட்ட காதைப் பார்த்து! காலைப் பார்த்துச் சொல்லியிருந்தாக்கூட, நொண்டின்னு சொல்லியிருந்தாக்கூட, சரிடான்னு போயிருப்பேன். ஒரு ரசிகனைப் பார்த்துச் சொல்ற பேச்சா இது?

பேராசிரியர்தான் துடிச்சுப் போயிட்டார். "இது பண்பாடே இல்லை சற்குணம். ஒரு எளிய மனிதரை இப்படி அவமானப்படுத்த எப்படி மனசு வந்துச்சு? வட்டத்துல இனி உங்களுக்கு இடம் இல்லை"ன்னு அங்கேயே போனை எடுத்தார். "என்ன சொல்றீங்க அருளப்பன்?"னு என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவே இல்லைம்மா. தலையை மட்டும்தான் ஆட்டினேன். அதுகூடக் கழுத்து வலிக்கு ஆட்டினதா இருக்கலாம். அவர் விரலால ஒரு அமுக்கு அமுக்கினார். சற்குணம் பையில இருந்த போனை எடுத்துப் பார்த்தான். விழுந்த சேரைத் தூக்கி நேரா வச்சான். போயிட்டான்.

அதோட சரி. சைக்கிள் இந்தத் தெருவுக்கு வரலை. சித்திரை போய், ஆனி போய், இப்ப ஆடி. ரெஜினாகிட்ட மட்டும் போன்ல பேசுவான் போல. நான் வந்தா அவ வெளியே போயிடுவா. என்னத்தைப் பேசுறாங்களோ.

நான் நல்லாத்தான் இருக்கேன். வட்டம் நல்லா நடக்குது. யாரும் எதிர்த்துப் பேசுறதில்லை. நான் பேஸ் நல்லா இருக்குன்னா நல்லா இருக்குங்கறாங்க. மோசம்னா மோசம்ங்கறாங்க. போன வாரம் வேணும்னே, ஒரு ரெக்கார்டு முடிஞ்சதும், முதல்ல நல்லா இருக்குன்னேன். ஆமான்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, குப்பைன்னேன். ஆமான்னாங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கலை. ஒரு மனுஷன் எவ்வளவுதான் ஆமாவைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியும்? சாயங்காலம் ஆனா ஒரு பக்கம் போடுறேன். முடியுது. திட்டுறதுக்கு எதிர்ல ஆள் இல்லை. ரெஜினாகிட்டச் சண்டை போட்டா, "உங்களுக்கு எது சரியோ அதுங்க"ன்னுட்டுத் துணி மடிக்கப் போயிடுறா.

வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் வச்சிருக்காங்க. சிம்பல் துறவைப் பத்திப் பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசுறார். எனக்கு மேடையில சால்வை. நான் ரெண்டு வார்த்தை பேசணுமாம். அங்க சற்குணம் வரணும். அதுக்குத்தான் சொல்றேன். மன்னிப்பு எல்லாம் அப்புறம் கேட்டுக்கட்டும். முன் வரிசையில உக்காந்து அவன் என்னை முறைக்கணும். அவன் முறைக்காம எனக்கு எதுக்கு அந்தச் சால்வை? போர்த்திக்கவா? ஆடி வேக்காட்டுல?

சரி, அவன் கொடுத்தனுப்பினதை எடு. பாப்போம். இவ்வளவு சின்ன டப்பாவா? கம்மல் டப்பா மாதிரி இருக்கே, ரெஜினாவுக்கா? எனக்கா! காதுலயா? ஓகோ. பஸ்ல பசங்க மாட்டிக்கிட்டுப் பாட்டுக் கேக்குறாங்களே, அதுவா? வயசு காலத்துல இவனுக்கு எதுக்கு இந்த ஆடம்பரம். சரி, ஆசையா வாங்கியிருக்கான். மாட்டு. இந்தப் பக்கமும் திரும்பணுமா? கூசுதும்மா.

ஏய், கத்தாதே! ஏன் இப்பக் கத்துறே? இவ்வளவு நேரம் உள்ளுக்குள்ளேயே பேசிட்டு... கத்தலையா? ரெஜினா, நீ ஏன் புடவையை இப்படிச் சரசரன்னு இழுத்துக்கிட்டு நிக்கிறே?

சரி, பாட்டு எங்க? நான் பாட்டுப் பெட்டியிலேயே போடணுமா? போடு போடு. அந்த மஞ்சள் அட்டை. நடுவுல ஊசி வைக்காதே, ஓரத்துல. ஆங். பியானோ. இப்ப பேஸ் வரும் பாரு. வந்துச்சா. இப்ப...

இரு.

யாரு அது?

நிறுத்தாதே! நிறுத்தாதேங்கறேன்.

...பார்த்தியா ரெஜினா அவன் வேலையை? இந்தக் கருவிக்குள்ள சிம்பலை வச்சு அனுப்பியிருக்கான்! ரெக்கார்டுல இல்லாததை இது அடிக்குது. பாட்டுக்குத் தகுந்த மாதிரி அடிக்குது, கள்ளப்பய. சிரிக்காதேம்மா, உன்னை ஏமாத்தி அனுப்பியிருக்கான். அழறியா ரெஜினா? எதுக்கு இப்ப அழறே? நல்லாத்தான் அடிக்குது, அதை ஒத்துக்கணும். கை சுத்தமா இருக்கு. எவனை வச்சுச் செஞ்சானோ. அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடு. அங்கேயும் அடிக்குதான்னு பாப்போம்.

கழட்டணுமா? யாரு சொன்னா? கையை எடும்மா. பித்தலாட்டத்தை முழுசாக் கேட்டாத்தானே அவனை முழுசாத் திட்ட முடியும்? போனைப் போடு அவனுக்கு. உன் போன்லேர்ந்தே போடு, என்னுதுன்னா எடுக்க மாட்டான். சத்தமா வை.

ஹலோ. டேய். நான்தான். அண்ணேன்னு கூப்பிடாதே, எந்த வாயால கூப்பிடுறே? என்னடா அனுப்பியிருக்கே நீ? யாரை ஏமாத்தப் பாக்குறே? வாயைத் திறந்து பேசு.

...

டேய். இது உன் குரலா?

இப்படி நடுங்குது. மூச்சு இழுக்குது நடுவுல.

டேய் சற்குணம், எப்படா உனக்கு இவ்வளவு வயசாச்சு?